போன் கண்டுபிடித்தவர் தேடிய குண்டு

அலெக்சாண்டர் கிரஹாம் பெல் என்றதும் நமக்கெல்லாம் டெலிபோன்தான் ஞாபகம் வரும். ஸ்கூல் புத்தகத்தில் அவருக்குக் கிடைத்த இடமே அரைப் பக்கம்தான். அந்த அரைப் பக்கத்தில் வராத ஒரு கதை இருக்கு. சாகக் கிடந்த ஒரு அமெரிக்க ஜனாதிபதியின் உடம்புக்குள் இருந்த துப்பாக்கிக் குண்டைத் தேட, பெல் ஒரு மெட்டல் டிடெக்டர் செய்தார். லேபில் அருமையாக வேலை செய்த அந்தக் கருவி, தேவைப்பட்ட இடத்தில் கைவிட்டுவிட்டது.

கடற்கரையில் தொலைந்த மோதிரம், காசு தேடுவதற்காக இன்றைக்குப் பலர் மெட்டல் டிடெக்டர் வாங்குகிறார்கள். உலர்ந்த மணலில் ஒழுங்காக இருக்கும் கருவி, அலை நனைத்த மணலுக்குப் போனதும் காரணமே இல்லாமல் கத்த ஆரம்பிக்கும். ஏன் என்று புரிந்துகொள்ள பெல்லின் கதையை விட நல்ல பாடம் கிடையாது. வாங்க, முதலில் மனிதரைப் பார்ப்போம். கருவிக்கு அப்புறம் வருவோம்.

கேட்காத காதுகளுக்கு நடுவில்

1847 மார்ச் 3 அன்று ஸ்காட்லாந்தின் எடின்பரோவில் பெல் பிறந்தார். அப்பா மெல்வில் பெல் பேச்சுப் பயிற்சி ஆசிரியர். வாயும் நாக்கும் எப்படி அசைந்தால் எந்த ஒலி வரும் என்பதைப் படக்குறிகளாக எழுதும் ஒரு முறையை உருவாக்கியவர். அம்மா எலைசாவுக்குக் காது சரியாகக் கேட்காது. மற்றவர்கள் அம்மாவிடம் ஒலிக்குழாய் வழியாகக் கத்திப் பேசுவார்கள். பெல் மட்டும் அவருடைய நெற்றிக்குப் பக்கத்தில் வாயை வைத்து மெதுவாகப் பேசுவாராம். ஒலி என்பது காதுக்கு மட்டும் சொந்தமில்லை, அது ஓர் அதிர்வு என்பதைச் சின்ன வயதிலேயே உடம்பால் கற்றுக்கொண்டவர் அவர்.

இரண்டு சகோதரர்களையும் காசநோய் கொண்டுபோனது. 1867ல் ஒருவர், 1870ல் இன்னொருவர். மிச்சமிருந்த ஒரே மகனையாவது காப்பாற்ற வேண்டும் என்று பெற்றோர் அதே 1870ல் கனடாவுக்குக் குடிபெயர்ந்தார்கள். அடுத்த வருடம் பெல் பாஸ்டனில் காது கேளாத குழந்தைகளுக்குச் சொல்லிக்கொடுக்கப் போனார். 1873ல் பாஸ்டன் பல்கலைக்கழகத்தில் பேராசிரியர். அங்கே அவரிடம் படித்த மேபல் ஹப்பர்ட், ஐந்து வயதில் வந்த காய்ச்சலில் கேட்கும் திறனை இழந்தவர். 1877ல் இருவருக்கும் கல்யாணம்.

நடுவில் 1876 மார்ச் 7 அன்று டெலிபோனுக்கான பேட்டண்ட் கிடைத்தது. மூன்றே நாளில், பக்கத்து அறையில் இருந்த உதவியாளர் தாமஸ் வாட்சனைக் கம்பி வழியாகக் கூப்பிட்டு வரவழைத்தார். எலிஷா கிரே யாருக்கு முந்தினார், யாருக்குப் பிந்தினார் என்ற பஞ்சாயத்து இன்னும் முடியவில்லை. அதை இங்கே கிளற வேண்டாம்.

இரைச்சல் கொடுத்த ஐடியா

டெலிபோன் வந்ததும் கூடவே ஒரு தலைவலியும் வந்தது. பக்கத்தில் போகும் தந்திக் கம்பிகளின் டக் டக் சத்தமெல்லாம் டெலிபோனுக்குள் புகுந்தது. நாம் படிக்கும் இண்டக்‌ஷன்தான் காரணம். ஒரு கம்பியில் கரண்ட் மாறினால் பக்கத்துக் கம்பியிலும் வோல்டேஜ் தூண்டப்படும். பெல் என்ன செய்தார்? ஒன்று தூண்டுவதை இன்னொன்று ரத்து செய்யும்படி கம்பிகளை அமைத்து, இரைச்சலைச் சமன் செய்து பார்த்தார்.

அப்போது ஒன்று கண்ணில்பட்டது, சரியாகச் சொன்னால் காதில்பட்டது. சுருள்களைச் சமன் செய்து டெலிபோன் முழு மௌனமாக இருக்கும்போது ஓர் உலோகத் துண்டைப் பக்கத்தில் கொண்டுபோனால், மௌனம் கலைந்து சத்தம் வருகிறது. மாறும் காந்தப்புலம் உலோகத்துக்குள் சுழல் மின்னோட்டத்தை, அதாவது எடி கரண்டை உண்டாக்கும். அந்த எடி கரண்ட் தன் பங்குக்கு ஒரு சின்னக் காந்தப்புலத்தை உண்டாக்கும். சமநிலை போய்விடும். இதே தத்துவத்தில் டேவிட் ஹியூஸ் என்பவர் 1879ல் இண்டக்‌ஷன் பேலன்ஸ் என்ற கருவியைச் செய்து காட்டினார். ஆனால் அதை வைத்து ஓர் உயிரைக் காப்பாற்றலாம் என்று அப்போது யார் நினைத்தார்கள்?

1881 ஜூலை 2

வாஷிங்டன் ரயில் நிலையத்தில் ஜனாதிபதி ஜேம்ஸ் கார்ஃபீல்டை சார்லஸ் கிட்டோ என்பவன் பின்னாலிருந்து இரண்டு முறை சுட்டான். ஒரு குண்டு கையை உரசிப் போனது. இன்னொன்று முதுகின் வலது பக்கம் நுழைந்து உள்ளே எங்கோ தங்கிவிட்டது. எக்ஸ்ரே வர இன்னும் 14 வருடம் இருந்த காலம். குண்டு எங்கே என்று பார்க்க டாக்டர்களுக்குத் தெரிந்த ஒரே வழி, காயத்துக்குள் விரலையும் கம்பியையும் விட்டுத் துழாவுவது. கையைக் கழுவாமல், கருவியைச் சுத்தம் செய்யாமல்! ஜோசப் லிஸ்டர் கிருமிநாசினி முறையைச் சொல்லி பத்து வருடத்துக்கு மேல் ஆகியும், அமெரிக்க டாக்டர்கள் பலர் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

சிகிச்சையின் முழுப் பொறுப்பும் வில்லர்ட் பிளிஸ் என்பவர் கையில். அவருக்குப் பெற்றோர் வைத்த பெயரே டாக்டர் வில்லர்ட் பிளிஸ். டாக்டர் பட்டம் வாங்குவதற்கு முன்பே பெயரில் டாக்டர் இருந்தது. தன் கணிப்பு தப்பாக இருக்கலாம் என்று யோசிக்கும் பழக்கம் அவருக்குக் கம்மி. குண்டு வலது பக்கம்தான் இருக்கிறது என்று முடிவு கட்டிவிட்டார்.

பெல்லுக்கு அப்போது வயது 34. பிரான்ஸ் கொடுத்த வோல்ட்டா பரிசுப் பணத்தில் வாஷிங்டனில் சொந்தமாக லேப் வைத்திருந்தார். உடம்பைக் கிழிக்காமல் மின்சாரத்தை வைத்து குண்டைத் தேட முடியுமா என்று வானியலாளர் சைமன் நியூகோம்ப் யோசிப்பதாகக் கேள்விப்பட்டதும், நானும் வருகிறேன் என்று கைகோத்தார். உதவியாளர் டெய்ன்ட்டரோடு சேர்ந்து வாஷிங்டனின் வெயிலில் ராப்பகலாக வேலை.

முதல் சிக்கல் ஈயம். தாமிரத்தோடு ஒப்பிட்டால் ஈயத்தின் மின்கடத்தும் திறன் சுமார் 12ல் ஒரு பங்குதான். காந்தத்துக்கும் அது மசியாது. கிடைக்கும் சிக்னல் ரொம்பச் சின்னது. இறைச்சித் துண்டுக்குள் குண்டை ஒளித்துத் தேடினார்கள். உள்நாட்டுப் போரில் வாங்கிய குண்டை இன்னும் உடம்பில் சுமந்துகொண்டிருந்த பழைய சிப்பாய்களை வைத்தும் சோதித்தார்கள். கடைசியில் கருவி ஒரு வடிவத்துக்கு வந்தது. இரண்டு தட்டையான காயில்கள், ஒன்றின் மேல் ஒன்று கொஞ்சம் ஏறினாற்போல. எவ்வளவு ஏறினால் மௌனம் வருகிறதோ, அங்கே நிறுத்த வேண்டும். மீட்டர் கிடையாது, டிஸ்ப்ளே கிடையாது. காதில் ஒரு டெலிபோன் ரிசீவர், அவ்வளவுதான்.

இரண்டு முயற்சிகள்

ஜூலை 26 மாலை, வெள்ளை மாளிகை. பெல் கருவியை ஜனாதிபதியின் உடம்பின் மேல் நகர்த்தினார். ரிசீவரில் ஒரே பொரபொரப்பு. லேபில் ஒருநாளும் வராத சத்தம். எதுவும் புரியாமல் திரும்பி வந்து பிரித்துப் பார்த்தால், அவசரத்தில் கண்டென்சரைத் தப்பாக இணைத்திருந்தது தெரிந்தது. டெமோ நாளில் சர்க்யூட் காலை வாரும் அனுபவம் நமக்குப் புதுசா என்ன? வித்தியாசம், இங்கே பணயம் ஒரு உயிர்.

ஆகஸ்ட் 1, இரண்டாவது முயற்சி. இந்த முறை இணைப்பெல்லாம் சரி. ஆனால் வந்தது தெளிவான ஒரு புள்ளி இல்லை. கொஞ்சம் அகலமான இடம் முழுக்க மெலிதாக ஒரு துடிப்பு. பிளிஸ் அனுமதித்தது வலது பக்கத்தை மட்டும். அந்த மெலிதான சத்தமே போதும், குண்டு நான் சொன்ன இடத்தில்தான் என்று அவர் தரப்பில் அறிவித்தும்விட்டார்கள். பெல்லுக்குத் திருப்தி இல்லை. குண்டு இருந்தால் இப்படிப் பரவலாகவா கேட்கும்? மறுநாள் போய் விசாரித்தபோதுதான் விஷயம் வெளியே வந்தது. ஜனாதிபதி படுத்திருந்த குதிரைமுடி மெத்தைக்குக் கீழே, இரும்புக் கம்பியால் பின்னிய இன்னொரு மெத்தை இருந்தது!

மெத்தையா, ஆழமா?

இந்தக் கதையைச் சொல்கிறவர்கள் பெரும்பாலும் இங்கே நிறுத்திவிடுவார்கள். ஸ்பிரிங் மெத்தை ஏமாற்றிவிட்டது, கதை முடிந்தது என்று. பெல் அதோடு நிறுத்தவில்லை. அதே மாதிரி ஒரு மெத்தையை வரவழைத்துச் சோதித்தார். பெரிய பெரிய கண்ணிகளாகப் பின்னிய கம்பி வலை அது. சத்தம் கேட்டதோ படுக்கையின் ஒரு சின்னப் பகுதியில் மட்டும். மெத்தைதான் முழுக் காரணம் என்றால் படுக்கை முழுக்க அல்லவா கேட்டிருக்க வேண்டும்? எனவே மெத்தை மேல் மட்டும் பழி போட முடியாது என்ற முடிவுக்கு வந்தார்.

செப்டம்பர் 6 அன்று கடல் காற்றாவது உடம்பைத் தேற்றும் என்று கார்ஃபீல்டை நியூஜெர்சியின் எல்பரான் கடற்கரைக்கு ரயிலில் கொண்டுபோனார்கள். வண்டி வீட்டு வாசல் வரை வருவதற்காக, அரை மைலுக்கு மேல் புதுத் தண்டவாளம் ஒரே இரவில் போடப்பட்டது. பலனில்லை. செப்டம்பர் 19 இரவு அந்தக் கடலோர வீட்டிலேயே உயிர் பிரிந்தது. பிரேதப் பரிசோதனையில் குண்டு கிடைத்தது. இடது பக்கம், கணையத்துக்குப் பின்னால், நல்ல ஆழத்தில்.

ஆக, தேடவிட்ட பக்கமே தப்பு. சரியான பக்கம் தேடியிருந்தாலும் கருவியின் எல்லைக்கு அப்பால் இருந்த ஆழம். இன்னொன்றையும் சொல்லிவிட வேண்டும். குண்டைச் சுற்றி உடம்பே உறை கட்டியிருந்தது. ஜனாதிபதியைக் கொன்றது அந்தக் குண்டை விட, காயத்தைத் துழாவிய கைகள் கொண்டுவந்த தொற்றுதான் என்பது இன்றைய மருத்துவர்கள் பலரின் கருத்து.

அதே ஆகஸ்ட்

இந்தத் தேடல் நடந்துகொண்டிருந்தபோதே பெல்லின் வீட்டில் இன்னொரு இடி. 1881 ஆகஸ்ட் 15 அன்று மேபலுக்குக் குறைமாதத்தில் ஆண் குழந்தை பிறந்தது. பெயர் எட்வர்ட், இறந்துபோன சித்தப்பாவின் பெயர். மூச்சுவிட முடியாமல் அன்றைக்கே இறந்தது.

பெல் அழுதுகொண்டு உட்காரவில்லை என்று எழுதினால் அது பொய்யாக இருக்கும். ஆனால் அழுகையோடு சேர்த்து வேலையும் செய்தார். மார்பைச் சுற்றி மாட்டும் காற்றுப்புகாத உறை ஒன்று. உள்ளே காற்றை உறிஞ்சினால் மார்பு விரியும், நுரையீரலுக்குள் காற்று போகும். பின்னாளில் போலியோ நோயாளிகளைக் காப்பாற்றிய இரும்பு நுரையீரலின் தத்துவமும் இதுதான். 1883ல் பிறந்த இன்னொரு மகன் ராபர்ட்டும் தங்கவில்லை. மிஞ்சியது எல்சி, மரியன் என்ற இரண்டு பெண்கள்.

டிடெக்டரையும் அவர் மூட்டை கட்டி வைக்கவில்லை. 1882ல் அமெரிக்க அறிவியல் முன்னேற்றக் கழகத்தின் கூட்டத்தில் முழுக் கட்டுரையாகவே சமர்ப்பித்தார். கண்டென்சரைத் தப்பாக இணைத்தது, மெத்தை, ஆழம் எல்லாவற்றையும் ஒளிக்காமல் எழுதினார். கூடவே எளிமையான இன்னொரு கருவி: ஒரு ஊசி, தோலில் ஒரு உலோகத் தகடு, நடுவில் டெலிபோன். ஊசி குண்டைத் தொட்டால் ரிசீவரில் டிக் என்று கேட்கும். எக்ஸ்ரே பரவும் வரை போர்க்காலத்தில் டாக்டர்களுக்கு அது கைகொடுத்தது.

ஈர மணலும் ஒரு கம்பி மெத்தைதான்

பெல்லின் காயில் அப்புறம் பல கை மாறியது. 1930களில் அமெரிக்காவில் ஜெர்ஹார்ட் ஃபிஷர் கையில் தூக்கிப்போகும் டிடெக்டரை விற்பனைக்குக் கொண்டுவந்தார். இரண்டாம் உலகப்போரில் போலந்து அதிகாரி யோசஃப் கொசாட்ஸ்கி கண்ணிவெடி தேடும் கருவியை உருவாக்கினார். அதுவும் பெல் பிறந்த ஸ்காட்லாந்தில் வைத்து. இன்றைக்குக் கடையில் டபுள் டி காயில் என்று விற்கிறார்களே, அதிலும் இரண்டு காயில்கள் ஒன்றின் மேல் ஒன்று ஏறித்தான் இருக்கும்.

இப்போது கடற்கரைக்கு வருவோம். உலர்ந்த மணல் மின்சாரத்தைக் கடத்தாது, அதனால் டிடெக்டருக்கு அது கண்ணுக்கே தெரியாது. கடல்நீரில் லிட்டருக்கு சுமார் 35 கிராம் உப்பு. அந்த நீர் ஊறிய மணல் கடத்தும். காயிலுக்குக் கீழே இருக்கும் ஈர மணல் முழுவதிலும் மெலிதாக எடி கரண்ட் ஓடும். விளைவு? ஆகஸ்ட் 1 அன்று பெல் கேட்ட மாதிரி, பரவலான மெல்லிய சத்தம். இன்னும் மோசம், உப்பு மணலின் சிக்னலும் மெல்லிய தங்க மோதிரத்தின் சிக்னலும் பேஸ் கோணத்தில் கிட்டத்தட்ட ஒன்று. உப்பை வடிகட்டினால் மோதிரமும் சேர்ந்து போய்விடும். மணலில் மேக்னடைட் மாதிரி கருமணல் கலந்திருந்தால் அது வேறு திசையில் இழுக்கும். ஒரே ஃப்ரீக்வென்சியில் ஓடும் கருவியால் இரண்டில் ஒன்றைத்தான் சமன் செய்ய முடியும்.

பட்ஜெட்டில் எதை எடுப்பது?

மூன்று வகை இருக்கு.

ஒன்று, சிங்கிள் ஃப்ரீக்வென்சி வி.எல்.எஃப். விலை குறைவு. கேரட் ஏஸ் வரிசை மாதிரியான ஆரம்ப மாடல்கள் இந்த ரகம். உலர்ந்த மணலுக்கும் புல்வெளிக்கும் போதும். ஈர மணலுக்கும் இதையே எடுப்பதென்றால் பீச் மோட் இருப்பதாகப் பாருங்க, நோக்டா சிம்ப்ளெக்ஸ் மாதிரி. கடத்தும் மண்ணின் சிக்னல் ஃப்ரீக்வென்சி ஏற ஏற ஏறும். அதனால் 15 கிலோஹெர்ட்ஸ் கருவியை விட 6, 7 கிலோஹெர்ட்ஸ் கருவி உப்பு மணலில் கொஞ்சம் அடக்கமாக இருக்கும். சென்சிட்டிவிட்டியைக் குறைத்தாலும் அமைதியாகும், ஆனால் ஆழம் போகும்.

இரண்டு, மல்டி ஃப்ரீக்வென்சி. ஒரே நேரத்தில் பல ஃப்ரீக்வென்சியில் கேட்பதால் உப்பு, கருமணல், உலோகம் மூன்றையும் பிரித்துப் பார்க்க வழி உண்டு. மைன்லேப் வேன்குவிஷ் இந்த வகையில் விலை குறைந்த வரிசை. ஒரே குறை, அதன் ஆரம்ப மாடல்களில் காயில் மட்டும்தான் தண்ணீர் தாங்கும், கண்ட்ரோல் பாக்ஸ் தாங்காது. ஈர மணலில் நடக்கப் போதும், அலைக்குள் இறங்கக் கூடாது.

மூன்று, பல்ஸ் இண்டக்‌ஷன். ஒரு துடிப்பை அனுப்பிவிட்டுச் சில மைக்ரோ செகண்ட் காத்திருக்கும். அதற்குள் உப்பு நீரின் எடி கரண்ட் செத்துவிடும், உலோகத்தின் எடி கரண்ட் இன்னும் உயிரோடு இருக்கும். ஈர மணலில் இதன் அமைதிக்கு ஈடு இல்லை. ஆனால் தங்கமா துருப்பிடித்த ஆணியா என்று பிரித்துச் சொல்வதில் ரொம்ப வீக். பீப் கேட்ட இடமெல்லாம் தோண்ட வேண்டும். குப்பை குறைந்த கரைக்கு நல்லது.

பணம் ஒரே ஒரு கருவிக்குத்தான், போகப்போவது ஈர மணலுக்குத்தான் என்றால், புதுசாக ஒரு சிங்கிள் ஃப்ரீக்வென்சி வாங்குவதை விட, கொஞ்சம் பழசானாலும் ஒரு மல்டி ஃப்ரீக்வென்சி வாங்குவது புத்திசாலித்தனம். வாங்கும் முன் ஒரு டெஸ்ட். ஈர மணலுக்கு மேல் காயிலை மேலும் கீழும் அசைத்துப் பாருங்க. சும்மாவே கத்தினால் பேலன்ஸ் ஆகவில்லை என்று அர்த்தம். தேடும்போது காயிலை ஒரே உயரத்தில் வைத்து வீசுங்க, ஏறி இறங்கினால் மணலே சிக்னல் ஆகிவிடும். திரும்பி வந்ததும் நல்ல தண்ணீரில் கழுவுங்க.

பெட்டியின் மேல் போட்டிருக்கும் ஆழக் கணக்கை அப்படியே நம்ப வேண்டாம். சின்னப் பொருளின் சிக்னல், காயிலை விட்டு விலகிப் போகப் போக, தூரத்தின் ஆறாவது அடுக்கை ஒட்டிக் குறையும். தூரம் இரு மடங்கானால் சிக்னல் கிட்டத்தட்ட 64ல் ஒரு பங்கு. கார்ஃபீல்டின் உடம்பில் பெல்லைத் தோற்கடித்த கணக்கும் இதுதான். மோதிரத்துக்கு ஒரு சாண் ஆழம் கிடைத்தாலே சந்தோஷப்படலாம்.

கடைசி வருடங்கள்

பெல் அதற்கப்புறமும் சும்மா இருக்கவில்லை. ஹெலன் கெல்லரின் அப்பா மகளை அழைத்துக்கொண்டு வந்து நின்றபோது, பார்வையற்றோருக்கான பெர்கின்ஸ் பள்ளிக்கு வழிகாட்டினார். அங்கிருந்துதான் ஆசிரியை ஆன் சல்லிவன் வந்தார். 1909ல் பெல் குழுவின் சில்வர் டார்ட் விமானம் கனடாவில் பறந்தது. 1919ல் அவருடைய ஹைட்ரோஃபாயில் படகு தண்ணீரில் மணிக்கு 114 கிலோமீட்டர் போய் சாதனை படைத்தது.

எல்லாமே புகழ்ச்சி இல்லை. காது கேளாதவர்கள் வாயால்தான் பேசக் கற்க வேண்டும், சைகை மொழி வேண்டாம் என்று அவர் பிடிவாதமாக நின்றார். அதனால் தங்கள் மொழியும் சமூகமும் பல தலைமுறைக்கு அடிபட்டதாக அவர்களில் பலர் இன்றும் கோபப்படுகிறார்கள், நியாயமான கோபம். அம்மாவின் நெற்றியோரம் பேசிய பையன், மற்றவர்கள் கைகளால் பேசியதைக் கேட்கவில்லை.

1922 ஆகஸ்ட் 2 அன்று கனடாவின் நோவா ஸ்கோஷியாவில் தன் வீட்டில் பெல் காலமானார். அடக்கம் நடந்த நேரத்தில் வட அமெரிக்கா முழுக்க டெலிபோன்கள் ஒரு நிமிடம் மௌனமாயின.

ப்ராஜெக்ட் ரிப்போர்ட் எழுதும்போது வேலை செய்யாத ரீடிங்கை அழித்துவிடலாமா என்று கை துறுதுறுக்கும் இல்லையா? உலகமே பார்க்கத் தோற்ற சோதனையை, தப்பாக மாட்டிய கண்டென்சர் உட்பட, பெல் அச்சில் ஏற்றினார். சமன் செய்த இரண்டு காயில், அதைக் கலைக்கும் ஒரு உலோகம் என்ற அவருடைய வழியில்தான் இன்றைய டிடெக்டர் பலவும் தேடுகின்றன. அடுத்த முறை யாராவது ஈர மணலில் டிடெக்டரோடு நடப்பதைப் பார்த்தால், கீழே என்ன மெத்தை இருக்கிறது என்று கேட்டுவிட்டு அப்புறம் மோதிரத்தைத் தேடச் சொல்லுங்க.